கடற்கரை வண்டியும் அதன் இன்ஜெக்டரும்



இராமேசுவரம் தீவிலிருந்து மதுரை மாநகருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். விசைப்படகுகள் கரை திரும்பும் காலைப் பொழுதில், ஏலம் முடிந்த மீனும் உடைத்த பனிக்கட்டியும் பெட்டிகளில் மாறி மாறி அடுக்கப்பட்டுச் சிறு சுமைவண்டிகளில் ஏறுகின்றன. பிக்கப் என்றும், அவற்றுள் சிறியதைக் குட்டி யானை என்றும் நம் மக்கள் அழைக்கும் இவ்வண்டிகள், பாம்பன் பாலத்தைக் கடந்து மண்டபம், உச்சிப்புளி, இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் என்று ஊர்களைப் பின்னிட்டு விரைகின்றன. பனிக்கட்டி உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் மீனின் விலை இறங்கும்; மேலும் தாமதமானால் மீனே கெடும். வண்டியை ஓட்டுபவரே பெரும்பாலும் அதன் சொந்தக்காரர். வண்டியின் பேரில் கடனும் இருக்கும். ஆகவே வழியில் எஞ்சின் நின்றுவிட்டால் ஒரு குடும்பத்தின் அந்த மாதக் கணக்கே தவறிப்போகும்.

அந்த எஞ்சினுக்குள் விரல் பருமனுள்ள ஓர் உறுப்பு இருக்கிறது. எரிபொருள் பீச்சி என்று அதனைத் தமிழில் கூறலாம். பட்டறையில் அதன் பெயர் இன்ஜெக்டர். அச்சொல்லையே நானும் வழங்குகிறேன். இந்த இன்ஜெக்டர் கடந்த சில ஆண்டுகளில் மிகவும் திருத்தம் பெற்றிருக்கிறது. அத்திருத்தம் பெற்ற இன்ஜெக்டர் நம் உப்புக் காற்றில், நம் சாலையில், நெடுங்காலம் உழைக்குமா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் கேள்வி. என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இன்ஜெக்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது இன்ஜெக்டர் அன்று. அதற்கு முன்னால் இருக்கும் எண்ணெயும் வடிகட்டியும், அதனைக் கழற்றிப் பூட்டும் கையுமே ஆகும்.

முதலில் ஒரு சிறு கணக்குப் போடுவோம். காகிதமும் பென்சிலும் வைத்திருப்பவர்கள் உடன் எழுதி வரலாம். மதுரை சேர நான்கு மணி நேரம் என்று கொள்வோம். எஞ்சின் சராசரியாக நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றுகிறது. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் பீச்சப்படுகிறது. ஆகவே ஓர் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 1,000 முறையும், மணிக்கு 60,000 முறையும், மதுரை போய்ச் சேர்வதற்குள் 2,40,000 முறையும் வேலை செய்கிறது. இக்கால எஞ்சின்களில் முதலில் ஒரு சிறு பீச்சு, பிறகு பெரும் பீச்சு என்று ஒரு வீச்சிலேயே இரண்டு முறையாவது ஊசி திறந்து மூடும். எனவே 4,80,000. மாலையில் வண்டி ஊர் திரும்பும்போது எண்ணிக்கை 9,60,000 ஆகிவிடுகிறது. ஒரே நாளில் ஏறக்குறைய பத்து இலட்சம்!

இனி அளவைப் பாருங்கள். போகும் வழிக்கு 14 லிட்டர் டீசல் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர்களிலும் சேர்த்து 9,60,000 வீச்சுகள். வகுத்துப் பார்த்தால் ஒரு வீச்சுக்கு வேண்டிய எண்ணெய் ஏறத்தாழ 15 கன மில்லிமீட்டர். ஒரு துளித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கும் ஆகாது. இச்சிறிய அளவு, நான்கு சிலிண்டர்களுக்கும் ஒரே சீராக, உரிய கணத்தில், துளியாகச் சொட்டாமல் பனிப்படலம் போல் சிதறி விழ வேண்டும். நாள் ஒன்றுக்குப் பத்து இலட்சம் முறை தவறாமல் நிகழ வேண்டும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். காற்றை மிக நெருக்கினால் அது சூடேறும். அந்தச் சூடான காற்றில் எண்ணெய் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும். இக்கருத்தைக் கொண்டு ருடால்ஃப் டீசல் என்ற அறிஞர் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். ஆனால் எண்ணெயைச் சிலிண்டருக்குள் செலுத்துவது அவருக்குப் பெரும் தொல்லையாகவே இருந்தது. அழுத்திய காற்றைக் கொண்டு எண்ணெயை உள்ளே ஊதினார். அதற்கென்று தனியே ஒரு காற்றழுத்தி வேண்டியிருந்தது. அத்தகைய எஞ்சின் தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் பொருந்துமேயன்றி, லாரிக்குள் அடங்காது. டீசல் 1913இல் ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடக்கையில் காணாமற்போனார். லாரிக்கேற்ற தீர்வை அவர் காணவில்லை. 1927இல் ஸ்டுட்கார்ட் நகரில் ராபர்ட் பாஷ் நிறுவனத்தார் எண்ணெய் பீச்சும் பம்புகளைத் தொடர் உற்பத்தியாகச் செய்யத் தொடங்கிய பிறகே டீசல் எஞ்சின் சாலைக்கு வந்தது எனலாம். 1951இல் பெங்களூரில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்ற பெயரில் அதன் இந்தியக் கிளை தோன்றிற்று. அப்பெயரின் சுருக்கமாகிய மைக்கோ என்ற சொல்லை முதிய மெக்கானிக்குகள் இன்றும் விடவில்லை. 2008இல் நிறுவனத்தின் பெயர் பாஷ் என்று மாறிவிட்டபோதிலும், "மைக்கோ பம்பு" என்று கேட்டால்தான் அவர்களுக்குப் பொருள் விளங்குகிறது.

பழைய இன்ஜெக்டர் எளிய சாதனம். ஒரு கூடு, அதற்குள் ஒரு ஊசி, ஊசியை அழுத்திக்கொண்டு ஒரு சுருள்வில். பம்பிலிருந்து வரும் எண்ணெயின் அழுத்தம் சுமார் 200 பார் அளவுக்கு ஏறினால் வில் விட்டுக்கொடுக்கும், ஊசி எழும், எண்ணெய் பீச்சும். அழுத்தம் தணிந்தால் ஊசி மீண்டும் அமரும். இதனைச் சோதிக்க ஒரு கைப்பம்பே போதும். நெம்புகோலை அழுத்தும்போது ஊசி அதிர்ந்து எழுப்பும் 'கிர்' என்ற ஒலியைக் கேட்டே, நாசில் நன்றாயிருக்கிறதா என்று தேர்ந்த மெக்கானிக் கூறிவிடுவார். தேய்ந்த நாசிலை மாற்றி, வில்லுக்கு அடியில் மெல்லிய தகடொன்று வைத்து அழுத்தத்தைச் சரிசெய்தால், வண்டி மறுபடியும் ஓடும். 2005இல் வெளிவந்த டாட்டா ஏஸ் வண்டியின் இரண்டு சிலிண்டர் எஞ்சின்கூடத் தொடக்கத்தில் இம்மரபைச் சேர்ந்ததுதான். குட்டி யானை நம் கடற்கரையில் இவ்வளவு பரவியதற்கு விலை ஒரு காரணம். எந்தச் சிற்றூரிலும் அதனைப் பழுது பார்க்க முடிந்தது மற்றொரு காரணம் என்பது என் கருத்து.

இவ்விடத்தில் சாலையைப் பற்றியும் ஒரு சொல். 1988 அக்டோபர் 2ஆம் நாள் பாம்பன் சாலைப்பாலம் திறக்கப்படும் வரை இத்தீவுக்கு வண்டி ஓட்டிச் செல்ல வழியே இல்லை. 1914 முதல் இரயில் பாலம் ஒன்றே தொடர்பு. சாலைப்பாலம் வந்த பிறகே இரயில் நேரத்துக்காகக் காத்திராமல், ஏலம் முடிந்த உடனே மீன் புறப்படும் வாய்ப்பு ஏற்பட்டது. அதாவது தீவின் மீன் வாணிபம் டீசல் வண்டியின் நம்பகத்தைச் சார்ந்து நிற்பது அண்மைக் காலத்து நிலைமையே.

இனி மாற்றத்துக்கு வருவோம். டீசல் புகை நுரையீரலைக் கெடுக்கிறது என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. ஆகவே அரசினர் புகைக்கு வரம்பு விதித்தனர். பாரத் நான்காம் நிலை விதிகள் 2017 ஏப்ரல் முதல் நாளும், ஐந்தாம் நிலையைத் தாண்டி ஆறாம் நிலை விதிகள் 2020 ஏப்ரல் முதல் நாளும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. பழைய வில் இன்ஜெக்டரைக் கொண்டு இவ்வரம்புகளுக்குள் நிற்க இயலாது. எனவே 'காமன் ரெயில்' முறை பிக்கப் வண்டிகளிலும் இடம்பெற்றது. ஒரு தடித்த குழாயில் எண்ணெயை எப்போதும் உயர்ந்த அழுத்தத்தில் நிறைத்து வைத்திருப்பார்கள். அக்குழாயே 'ரெயில்'. அதிலிருந்து ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் ஒரு கிளை செல்லும். எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை வில் தீர்மானிப்பதில்லை. ஒரு சிறு கணிப்பொறி மின்சாரத் துடிப்பை அனுப்பித் தீர்மானிக்கிறது. 1997இல் இத்தாலி நாட்டுக் கார் ஒன்றில் முதலில் விற்பனைக்கு வந்த இம்முறை, 2002இல் ஹூண்டாய் ஆக்சென்ட் கார் வழியே இந்தியாவுக்கு அறிமுகமாயிற்று.

அழுத்தம் எவ்வளவு தெரியுமா? 1,600 பார் என்பது இன்று சாதாரணம். சில எஞ்சின்களில் 2,000த்தையும் தாண்டும். இவ்வெண் உங்கள் மனத்தில் பதிய ஓர் உவமை கூறுகிறேன். கடலில் பத்து மீட்டர் ஆழம் இறங்கினால் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கூடும். நம் பாக் விரிகுடாவின் சராசரி ஆழமே அவ்வளவுதான். 1,600 பார் வேண்டுமென்றால் 16 கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்க வேண்டும். உலகப் பெருங்கடல்களில் மிக ஆழமான பள்ளமே 11 கிலோமீட்டர்தான்! உலகில் எந்தக் கடலின் அடியிலும் காணக் கிடைக்காத அழுத்தம், பரமக்குடிச் சாலையில் மீன் ஏற்றிச் செல்லும் வண்டியின் மூடிக்குக் கீழே இருக்கிறது.

அவ்வழுத்தத்தில் எண்ணெய் ஒழுகாமல் இருக்க, ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையேயுள்ள வெளி இரண்டு மூன்று மைக்ரான் அளவே விடப்படுகிறது. மனிதரின் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் பருமன். ஒரு மயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் ஊசி நாளொன்றுக்குப் பத்து இலட்சம் முறை ஏறி இறங்குகிறது. எண்ணெய் வெளிவரும் துளைகளோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட விட்டமுடையவை. இவ்வளவு நுட்பத்தின் பயனாக எஞ்சினின் ஓசை அடங்கிற்று, புகை குறைந்தது, அதே எண்ணெயில் வலிமை கூடிற்று. ஆனால் பழைய இன்ஜெக்டர் பொருட்படுத்தாமல் விழுங்கிய தூசி, புதியதன் உயிருக்கே கேடு செய்கிறது. இரண்டும் ஒரே பெயருடையவை என்பதற்காக ஒரே விதமாக நடத்தலாகாது.

இனி, கேடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

எண்ணெயைப் பற்றிய ஒரு வரலாறு உண்டு. டீசலில் கந்தகம் இருந்தால் புகை நச்சாகும். புகையைத் தூய்மை செய்யும் கருவிகளும் கெடும். எனவே கந்தகத்தை நீக்கிக்கொண்டே வந்தார்கள். நம் நாட்டில் பத்து இலட்சத்துக்கு 350 பங்கு என்றிருந்த வரம்பு 50 ஆகி, 2020 முதல் 10 ஆகிவிட்டது. கந்தகத்தை நீக்கும் முறையில், உலோகப் பரப்புக்கு வழுவழுப்பைத் தரும் சில இயற்கைப் பொருள்களும் உடன் நீங்கிவிடுகின்றன. பம்பும் ஊசியும் தமக்கு வேண்டிய மசகை டீசலிலிருந்தே பெறுகின்றன. வேறு மசகெண்ணெய் அங்கே செல்வதில்லை. 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாடு கந்தகம் மிகக் குறைந்த டீசலைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, பல வண்டிகளின் பம்புகள் விரைவில் தேய்ந்தன. அந்த அனுபவத்திலிருந்து உலகம் பாடம் கற்றது. இப்போது வழுவழுப்பைத் தரும் மருந்து சேர்த்தே டீசல் விற்கப்படுகிறது. ஓர் எஃகுக் குண்டை எண்ணெயில் தோய்த்துத் தகட்டின்மேல் தேய்த்து, குண்டில் விழும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானுக்கு மேற்படலாகாது என்று சோதனையும் வகுத்திருக்கிறார்கள். ஆகவே முறையான பங்கில் முறையாக வாங்கும் டீசலைக் குறித்து, கந்தகம் போனதற்காக நாம் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது கலப்படத்துக்கு. கடற்கரையில் நாட்டுப்படகுகளின் வெளிப்பொருத்து எஞ்சின்களுக்கு மண்ணெண்ணெய் வழங்கப்படுகிறது. மலிவு கருதி அதனை டீசலுடன் கலக்கும் பழக்கம் பழைய எஞ்சின்களின் காலத்தில் இருந்தது. அவை புகைந்தேனும் ஓடின. மண்ணெண்ணெய் டீசலைவிட நீர்த்தது, வழுவழுப்பும் குறைந்தது. 1,600 பார் அழுத்தத்தில் பம்பின் உட்பகுதி உலர்ந்து உராய்ந்தால், கண்ணுக்குப் புலப்படாத உலோகத் துகள் உதிரும். அத்துகள் ரெயிலுக்குப் போய், அங்கிருந்து நான்கு இன்ஜெக்டர்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படும். பிறகு இன்ஜெக்டரை மட்டும் புதிதாக மாற்றினால், புதியதும் சில வாரங்களில் கெடும். "புது இன்ஜெக்டர் போட்டும் நிற்கவில்லை" என்ற முறையீட்டின் பின்னால் பல வேளைகளில் இத்துகளே இருக்கிறது. பம்பு, ரெயில், குழாய், தொட்டி அனைத்தையும் ஆராயாமல் இன்ஜெக்டரைக் குறை கூறுவது நியாயமாகாது.

ஆயினும் நம் கரையில் முதன்மையான பகைவன் தண்ணீர். இதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

தண்ணீர் எப்படி டீசலுக்குள் வருகிறது? தொட்டிக்குக் காற்று போய்வர வழி இருந்தே ஆக வேண்டும். எண்ணெய் குறையக் குறையக் காற்று உள்ளே வரும். நம் கடற்காற்றில் ஈரம் மிகுதி. பகலில் சூடேறிய தொட்டி இரவில் குளிரும்போது, காலியிடத்திலுள்ள காற்றின் ஈரம் உட்சுவரில் வியர்த்துக் கீழே இறங்கும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. ஆகவே அடியில் தங்கும். எண்ணெய் உறிஞ்சும் குழாயும் அடியிலேதான் இருக்கிறது! இது போதாதென்று, மீன் பெட்டிகளிலிருந்து ஒழுகும் உப்புக் கலந்த பனிநீர் வண்டியின் அடிச்சட்டத்தையும், தொட்டியின் மேற்புறத்தையும், மின்கம்பி இணைப்புகளையும் நாள்தோறும் நனைக்கிறது. மூடியின் இரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தால் அந்நீர் உள்ளேயும் கசியும். வாலிநோக்கத்தில் உப்பளப் பாரம் ஏற்றும் வண்டிகளுக்கும் இதே கதிதான். பாம்பன் பகுதியின் காற்று இரும்பை அரிப்பதில் உலகிலேயே கொடியவற்றுள் ஒன்று என்று பொறியாளர்கள் கூறுவர். 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலத்தின் எஃகுக்கே தனிச் சிறப்புடைய பூச்சுத் தேவைப்பட்டது. வண்டிக்காரரின் எண்ணெய்த் தொட்டிக்கு யார் பூச்சுப் பூசுகிறார்கள்?

உள்ளே சென்ற தண்ணீர் செய்யும் தீங்கு பலவகை. ஊசியில் துரு ஏற்றும். மசகுப் படலத்தை உடைக்கும். நாசிலின் முனை எப்போதும் கொதிநிலைக்கு மேற்பட்ட சூட்டில் இருப்பதால், அங்கு வந்து சேரும் தண்ணீர் திடீரென ஆவியாகி முனையையே பெயர்த்துவிடக்கூடும். மேலும், எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில் ஒருவகைப் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் குடியேறும். எண்ணெய் அவற்றுக்கு உணவு, தண்ணீர் உறைவிடம். அவை வளர்ந்து, பாசி போன்ற வழவழப்பான கழிவால் வடிகட்டியை அடைக்கும், அமிலத்தையும் சுரக்கும்.

வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. கொழுப்பு அமிலமும் சோடியமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்று படித்திருக்கிறீர்கள். கடலுப்பில் இருப்பது சோடியம். டீசலில் துருப்பிடியாமைக்கும் வழுவழுப்புக்கும் சேர்க்கப்படும் சில மருந்துகள் அமிலங்களே. உப்புநீர் கலந்த டீசலில் இவை இரண்டும் கூடி ஒரு சோப்புப் பொருளை ஆக்குகின்றன. அது ஊசியின் பக்கங்களில் படிந்து பிசினாகிறது. இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளியில் பிசின் படிந்தால் ஊசி எழவும் தாமதிக்கும், அமரவும் தாமதிக்கும். இம்மாதிரிப் படிவைப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் காமன் ரெயில் இன்ஜெக்டர்களில் கண்டு விளக்கியிருக்கிறார்கள். அது பழைய வில் இன்ஜெக்டருக்குப் பெரிய தொல்லையாக இருந்ததில்லை.

இதோடு நம் கரைக்கே உரிய ஒரு வழக்கத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. மீன் இனம் பெருகுவதற்கான நல்ல ஏற்பாடு அது. படகுகள் கரையில் நிற்கும்போது மீன் வண்டிகள் பலவும் நிற்கின்றன. கையில் பணம் இல்லாத காலமாதலால் தொட்டியைக் காற்பங்கு எண்ணெயோடு விட்டுவிடுவார்கள். முக்காற்பங்கும் ஈரக் காற்று; கத்திரி வெயிலின் பகலும், அதனை அடுத்து வரும் இரவும் தொட்டியை 61 முறை மூச்சுவிடச் செய்கின்றன. பூஞ்சைக்கு இதைவிடத் தகுந்த காலம் வேறில்லை. ஜூன் நடுவில் தடை முடிந்து படகுகள் முதல் பாடு மீனோடு திரும்பும் அன்று, அடியில் தங்கிய அத்தனையும் ஒரே நாளில் வடிகட்டிக்கும், அதனைத் தாண்டி இன்ஜெக்டருக்கும் செல்கிறது. ஓட்டத்தில் தேய்வதைக் காட்டிலும் நின்றபடி கெடுவதே நம் கரையில் மிகுதி என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். என்னிடம் படித்து இன்று டீசல் பம்புப் பட்டறை நடத்தும் ஒருவர், தமக்கு வேலை மிகுந்த மாதம் எது என்று கேட்டபோது தயங்காமல் ஜூன் என்றார்.

இனி, 'பவர் ஏற்றுவது' பற்றியும் சொல்ல வேண்டும். இளைஞர்களிடையே இதில் மோகம் உண்டு. பாரம் கூடுதலாக ஏற்றவும், பாலத்தின் ஏற்றத்தில் திணறாமல் செல்லவும் பெரிய துளையுள்ள நாசிலைப் பூட்டுகிறார்கள். துளையின் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் என்ன ஆகும்? பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.1 பெருக்கல் 1.1 என்பது 1.21. ஆகவே எண்ணெய் நூற்றுக்கு 21 பங்கு மிகும். ஆனால் காற்று மிகவில்லையே! மிகுந்த எண்ணெய் முழுதும் எரியாமல் கரும்புகையாகப் போகும். எரிந்த பகுதியோ பிஸ்டனின் தலையை அளவுக்கு மீறிச் சூடாக்கும். ஆறாம் நிலை வண்டியானால் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி விரைவில் அடைபடும். ரெயிலின் அழுத்தத்தைக் காக்க உயரழுத்தப் பம்பு எப்போதும் தன் எல்லையில் உழைக்கும். எஞ்சினோடு சேர்த்து வடிவமைத்த இன்ஜெக்டர், வடிகட்டியைக் காலத்தில் மாற்றினால் ஒன்றரை இலட்சம் கிலோமீட்டரைக் கடந்தும் உழைப்பதைக் காண்கிறோம். துளை பெருக்கிய நாசிலுக்கு அத்தகைய உறுதியை எவரும் எழுத்தில் தருவதில்லை. உற்பத்தியாளர் தந்த உத்தரவாதமும் போய்விடும். முதல் மாதத்தில் ஓட்டுபவர் மகிழ்வார் என்பது உண்மை. கடனின் தவணை முப்பத்தாறு மாதமோ நாற்பத்தெட்டு மாதமோ ஆயிற்றே!

மலிவான போலி இன்ஜெக்டரும் இவ்வகையில் சேர்ந்ததே. நல்ல இன்ஜெக்டரின் தலையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் ஓர் இன்ஜெக்டருக்கும் மற்றொன்றுக்கும் சிறு வேறுபாடு இருந்தே தீரும். தொழிற்சாலையில் அவ்வேறுபாட்டை அளந்து குறியீடாக எழுதிவிடுகிறார்கள். புதியதைப் பூட்டும்போது அக்குறியீட்டை வண்டியின் கணிப்பொறிக்குத் தெரிவித்தால், அது அந்த இன்ஜெக்டருக்கு மட்டும் துடிப்பைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பும். தெரிவிக்காமல் விட்டால் எஞ்சின் ஒரு சிலிண்டரில் மிகையாகவும் மற்றொன்றில் குறையாகவும் எரிந்து அதிரும். ஓர் ஆசிரியனுக்கு இவ்வேற்பாடு பிடித்துப்போவதில் வியப்பில்லை.

கெடுதியைக் கண்டறிவதற்கு எப்போதும் விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பதில்லை. ஒவ்வோர் இன்ஜெக்டரும் வேலை செய்யும்போது சிறிது எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். அந்தத் திரும்பு குழாய்களைக் கழற்றி, நான்கு ஒத்த கண்ணாடிப் புட்டிகளில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். நான்கு புட்டிகளிலும் ஏறத்தாழ ஒரே மட்டம் நின்றால் நல்லது. ஒன்றில் மட்டும் மிகுதியாக நின்றால் அந்த இன்ஜெக்டரின் உட்பகுதி தேய்ந்து ஒழுகுகிறது என்று பொருள். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் ஒப்பீட்டுச் சோதனைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது உயரழுத்தக் குழாயின் இணைப்பை மட்டும் ஒருபோதும் தளர்த்தக் கூடாது. பழைய எஞ்சின்களில் அவ்வாறு தளர்த்திச் சோதிப்பது வழக்கம். 1,600 பாரில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும். காயம் சிறு புள்ளியாகத் தோன்றினாலும் கையையே இழக்க நேரலாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சிறியவை. இன்ஜெக்டரின் அடியில் ஒரு செப்பு வளையம் உண்டு. ஒரு முறை நசுங்கிய வளையத்தை மறுபடி போடலாகாது. சில ரூபாய் மிச்சத்துக்காகப் போட்டால், எரிவாயு பக்கவாட்டில் கசிந்து கரியாக இறுகி, அடுத்த முறை இன்ஜெக்டரைக் கழற்றவே முடியாமற்போகும். கழற்றிய குழாயின் வாயைத் துணியால் அடைப்பதும் தவறு. துணியின் ஓர் இழை பத்து மைக்ரானுக்கு மேற்பட்டது. மணல் பறக்கும் நம் ஊர்களில் திறந்த வெளியில் வைத்து இன்ஜெக்டரைப் பிரிக்கும் பட்டறையும், கதவடைத்த தூய அறையில் பிரிக்கும் பட்டறையும் கூலியில் வேறுபடுவது நியாயமே. தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பாடம் எடுத்துப் படிக்கும் மாணவர்கள், ஸ்பானர் பிடிப்பதற்கு இணையாகக் கை கழுவுவதையும் இத்தொழிலின் பயிற்சியாகக் கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. பழைய மெக்கானிக்கின் காது வீணாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். படகுகளில் வில் இன்ஜெக்டர்கள் இன்னமும் உழைக்கின்றன. சாலை வண்டிகளுக்கான புகை விதிகள் படகு எஞ்சினைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே இரண்டு கல்வியும் அறிந்தவருக்கு இக்கரையில் வேலை குறையாது.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இத்தகைய வண்டி இருக்குமானால், ஏப்ரல் நடுவில் அதனை நிறுத்துமுன் தொட்டியை நிரப்பி நிறுத்தச் சொல்லுங்கள். பணம் முடங்குகிறதே என்பார்கள். அந்த எண்ணெய் ஜூன் மாதத்தில் ஓடத்தானே போகிறது? மூடியின் இரப்பர் வளையத்தைப் பாருங்கள். மீன் பெட்டியின் நீர் தொட்டியின்மேல் விழாதபடி ஒரு குழாய் வைத்து வெளியே விடலாம். வடிகட்டியின் அடியில் தண்ணீரை வடிக்கும் திருகு ஒன்று உண்டு. அதனை மாதம் ஒரு முறை திறந்து, வருவதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். டீசலுக்கு அடியில் தெளிவாக ஒரு படலம் பிரிந்து நின்றால் அது தண்ணீர். தண்ணீர் முற்றிலும் நிற்கும்வரை வடித்துவிட வேண்டும். ஜூன் 14ஆம் நாளுக்கு முன், வண்டியைக் கிளப்புவதற்கு முன்னதாகவே இதனை ஒரு முறை செய்து, புதிய வடிகட்டியும் போட்டுக்கொண்டால், ஓர் இன்ஜெக்டரின் விலையில் அது மிகச் சிறு பங்கே ஆகும்.